கிளவுன் மீனுக்கு மூச்சு வாங்குகிறது, காப்பர் மருந்தைத் தொட்டியில் ஊற்றலாமா?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு மஞ்சக்குப்பத்தில். மூன்றடிக் கடல்மீன் தொட்டி, கல்லும் மணலும் போகச் சுமார் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும், ஓட ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. உள்ளே இரண்டு கிளவுன், ஒரு சின்ன புளூ டாங் மீன், ஒரு கிளீனர் இறால், நாலைந்து நத்தை. பத்து நாளைக்கு முன்பு சென்னையில் ஒரு கடையில் மஞ்சள் வால் டாம்சல் மீன் ஒன்று வாங்கி வந்து, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு அப்படியே உள்ளே விட்டேன்.

ஐந்தாம் நாள் டாங்கின் மேல் பொடி உப்பைத் தூவியது போலப் பத்துப் பதினைந்து வெள்ளைப் புள்ளிகள். பூண்டுச் சாற்றில் ஊறவைத்து இரை கொடுத்தேன், மூன்றே நாளில் ஒரு புள்ளிகூட இல்லை. சரி, போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சிலிருந்து தண்ணீர் எடுத்து வந்து 30 லிட்டர் மாற்றினேன். நேற்று இரவிலிருந்து பெரிய கிளவுன் (பெண்) பவர்ஹெட் (தண்ணீரைத் தள்ளும் மோட்டார்) எதிரே போய், அந்த வேகத்தில் முகத்தைக் கொடுத்தபடியே நிற்கிறது. வாயை மூடவில்லை. காலையில் இரையைப் பார்த்தும் திரும்பவில்லை. எண்ணுகிற மாதிரி புள்ளி எதுவும் இல்லை, ஆனால் ஆரஞ்சு நிறத்தின் மேல் மாவு படிந்தது போல மங்கலாக இருக்கிறது.

அமோனியா டெஸ்ட்டில் 0-க்கும் 0.25-க்கும் நடுவில் ஒரு நிறம். மிதவை ஹைட்ரோமீட்டரில் உப்பு (ஒப்படர்த்தி) 1.022, வெப்பம் 30 டிகிரி. கடைக்காரரிடம் போனில் கேட்டால், காப்பர் (செம்பு) மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றிவிடுங்கள் என்கிறார். பாட்டில் கையில் இருக்கிறது. ஊற்றட்டுமா? இந்த ஜோடிக்குப் பெயர் வைத்தது என் மகள், அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

முத்தியால்பேட்டை உப்புநீர் (புதுச்சேரி)

ஊற்றாதே தம்பி. பாட்டிலைக் கீழே வை.

அந்தத் தொட்டியில் இறாலும் நத்தையும் இருக்கின்றன, காப்பர் பட்டால் அவை பிழைக்காது. அதோடு கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஊற்றிய அளவு மாலையில் தண்ணீரில் இருக்காது, நீ மறுபடி ஊற்றுவாய், மொத்தத்தில் எவ்வளவு போட்டாய் என்பதே தெரியாமல் போகும். காப்பர் கொடுப்பதென்றால் தனித் தொட்டி, அதில் கல் கிடையாது, மணல் கிடையாது.

மருந்து எது என்பது அப்புறம். முதலில் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டு உட்கார். செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனியாக எண்ணி எழுது. என் கிளவுன்கள் நன்றாக இருக்கும்போது 60 முதல் 80 வரை வரும், நூறைத் தாண்டினால் நான் வேறு வேலை பார்க்க மாட்டேன். எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பித்ததா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதும் முக்கியம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 இரவு கரண்ட் போனது, எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவே இல்லை என்கிற மாதிரி நேரம் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் டாங், கிளவுன், கோபி என்று அத்தனையும் ஒரே சமயத்தில் மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டிருந்தன. அடியை விட்டு எழும்பாத கோபிகூட மேலே! அது நோய் இல்லை, ஆக்சிஜன் இல்லை. விடிய விடிய நானும் என் மனைவியும் மாற்றி மாற்றி மக்கால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். ஒரே வெப்பத்தில் உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். உன் தொட்டி 30 டிகிரியில் இருக்கிறது. அதனால் காரணம் எதுவாக இருந்தாலும் இப்போதே இரண்டு ஏர் ஸ்டோன் போடு, மூடியைத் திறந்து மேலே ஒரு மேஜை விசிறியைத் திருப்பி வை.

இறால் எப்படி இருக்கிறது? இரவில் கொசு மருந்து மெஷின் அதே அறையில் ஓடுகிறதா? ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. கொசு மருந்தில் இருக்கும் பைரெத்ராய்டு மீனுக்கும் ஆகாது, இறாலுக்கு அதைவிட ஆகாது. இறால் தெம்பாக நடமாடினால் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

சுண்ணாம்பாறு (அரியாங்குப்பம்)

எனக்கு அந்தத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். சில்வர் பீச்சுக்குப் பக்கத்தில்தான் கெடிலம் கடலில் சேருகிறது. மழை பெய்து இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்திருந்தால் அது ஆற்றுத் தண்ணீர் பாதி, கலங்கல் பாதி. வயலில் அடித்தது, ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில் வந்து சேரும். உப்பு 1.022 என்று குறைவாகக் காட்டுவதும் அதனால் இருக்கலாம், கடல் தண்ணீர் என்றால் 1.025, 1.026 பக்கம் வர வேண்டும். ஆனால் மிதவை ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் கணக்கு மாறிவிடும், உப்பை ஒளியால் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

நான் கடல் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன், ஆனால் மழைக்காலத்தில் கரையிலிருந்து எடுப்பதே இல்லை. மற்ற நாளில் எடுத்தாலும் குளோரின் போட்டு, நன்றாகக் காற்று விட்டு, தயோசல்பேட் போட்டு முறித்து, குளோரின் துளியும் இல்லை என்று கிட் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குப் போகும். இறால் குஞ்சுப் பண்ணைகளில் செய்வதும் இதேதான்.

கெடிலக்கரை (கடலூர்)

எண்ணினேன். பெரிய கிளவுன் 130-க்கு மேல், அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். சின்ன கிளவுன் 96. டாங் 104. டாம்சல் 110, அது கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரவே இல்லை. நேற்று மாலை பெரியது மட்டும்தான் இப்படி இருந்தது, இன்று மற்றவையும். இறால் எப்போதும் போலக் கல் மேல் நடந்து மீசையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. கொசு மெஷின் அந்த அறையில் இல்லை. தண்ணீர் எடுப்பதற்கு முதல் நாள் மழை பெய்தது உண்மை. ஏர் ஸ்டோன் இரண்டு போட்டுவிட்டேன், மூச்சு குறைந்த மாதிரி தெரியவில்லை.

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை)

தம்பி, நான் கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் படித்தவள். நீங்கள் சொன்னதை மூன்று தடவை படித்தேன். தண்ணீரைப் பற்றி மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் இந்த மூச்சுக்கு அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கெட்டிருந்தால் ஞாயிறே எல்லா மீனும் ஒன்றாகத் தவித்திருக்கும், இறாலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. ஒன்றில் தொடங்கி மற்றவைக்குப் பரவுகிறது, அதுவும் புது மீன் வந்த பத்து நாளுக்குள். ஒட்டுண்ணிதான்.

டாங் மேல் வந்து போனது பெரும்பாலும் கடல் இக் என்ற வெள்ளைப்புள்ளி நோய், அதாவது கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி. பூண்டு அதைக் குணமாக்கவில்லை. அந்தப் புள்ளி என்பது தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஓர் உயிர். மூன்று முதல் ஏழு நாள் தின்றுவிட்டு, மீனை விட்டு உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் ஓடு கட்டிக்கொண்டு பெருகும். மீன் சுத்தமாகத் தெரிகிற அந்த நாட்களில்தான் அடியில் அடுத்த கூட்டம் தயாராகிக்கொண்டிருக்கும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் மீனை இழக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் கிளவுனுக்கு இப்போது வந்திருப்பது வெல்வெட் என்று பயப்படுகிறேன். அமைலோஓடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. இது முதலில் செவுளில் உட்காரும், அதனால் தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே மூச்சு வாங்கும், பவர்ஹெட் எதிரே நிற்கும், வெளிச்சத்துக்கு ஒதுங்கும். இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். மீனிலிருந்து உதிரும் ஒன்று 256 வரை பிரியக்கூடியது. அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து சாய்வாகப் பிடித்து, மீன் பக்கவாட்டில் திரும்பும்போது பாருங்கள். இக் என்றால் தனித்தனி உப்பு மணி. வெல்வெட் என்றால் பழுப்பு மஞ்சளாக, பட்டாம்பூச்சிச் சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டுமே, அந்தப் பொடி மாதிரி. தோல் உரிந்து சளி நூல் நூலாகத் தொங்கினால் அது வேறு ஒட்டுண்ணி, புரூக்லினெல்லா, அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு நல்ல தண்ணீர்க் குளியல் கொடுங்கள். ஆர்ஓ தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, வெப்பத்தைத் தொட்டிக்குச் சமமாக்கி, பிஎச் ஏறச் சிட்டிகை சமையல் சோடா கலந்து, அரை மணி நேரம் காற்று விட்டபின் ஐந்து நிமிடம். கூடவே நில்லுங்கள், மீன் சாய்ந்து விழுந்தால் உடனே எடுத்துவிடுங்கள். வாளியின் அடியில் எள் அளவு வெள்ளைத் தகடுகள் உதிர்ந்தால் அது ஃப்ளூக் புழு, மருந்தும் வேறு. கறுப்பு வாளியாக இருந்தால் நன்றாகத் தெரியும். வெல்வெட்டை இது குணமாக்காது, கொஞ்சம் மூச்சு விட வைக்கும்.

கெடிலக்கரை (கடலூர்)

அக்கா, டார்ச் அடித்துப் பார்த்தேன். நெற்றியிலிருந்து முதுகு வரை அந்தப் பொடி. வெள்ளைப் பட்டையில் எதுவும் தெரியவில்லை, ஆரஞ்சில் மட்டும் வெளிச்சம் படும்போது மினுங்குகிறது. வாளியில் தகடு எதுவும் உதிரவில்லை. குளியலுக்குப் பிறகு பத்து நிமிடம் மூச்சு கொஞ்சம் நிதானமானது, அப்புறம் பழையபடி. நாலு மீனையும் 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றப் போகிறேன். காப்பர் எவ்வளவு?

முத்தியால்பேட்டை உப்புநீர் (புதுச்சேரி)

உன் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படி. சாதாரணக் காப்பர் சல்பேட் வகை என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரைதான், அதற்கு மேல் போனால் மருந்தே மீனைக் கொல்லும். கீலேட் செய்த (வேறொரு பொருளோடு பிணைத்த) காப்பர் என்றால் கணக்கே வேறு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் பக்கம் போகும். இரண்டையும் குழப்பி மீனைச் சாகடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தந்த வகைக்கு ஏற்ற டெஸ்ட் கிட் இல்லாமல் ஆரம்பிக்காதே. என்னிடம் ஒன்று இருக்கிறது, மாலை பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா?

டப்பில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா இல்லை, அதனால் அமோனியா ஏறும். தினமும் பாதித் தண்ணீர் மாற்று, மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்து ஊற்று. அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதே, சில வகை சேர்ந்தால் காப்பரின் விஷம் கூடிவிடும். ஃபில்டரில் கார்பன் போடாதே. டப்பைத் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி வை, வலை, குழாய், கை நனைத்த துண்டு எல்லாம் தனி. வெல்வெட் தண்ணீர்த் துளி தெறித்துக்கூடப் பரவும்.

கெடிலக்கரை (கடலூர்)

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். பெரிய கிளவுன் முதல் இரவே போய்விட்டது. காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது டப்பின் மூலையில் பக்கவாட்டில் கிடந்தது, செவுள் திறந்தபடியே நின்றுவிட்டது. மகளிடம் மறைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கறிவேப்பிலைச் செடியடியில் அவளே புதைத்தாள்.

மற்ற மூன்றும் இருக்கின்றன. காப்பர் கிட் அன்று இரவே வந்து சேர்ந்தது, அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நாலாம் நாளிலிருந்து சின்ன கிளவுன் இரை எடுக்கிறது. நேற்று எண்ணினேன், 72. டாங் 80. அந்த டாம்சல்தான் கொண்டுவந்தது என்று தெரிந்தும் அதன் மேல் கோபம் வரவில்லை, அதுவும் பாவம் நோயோடுதான் வந்திருக்கிறது. தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்திருக்க வேண்டியது நான்.

இப்போது கேள்வி: பெரிய தொட்டியில் மீனே இல்லை, இறாலும் நத்தையும் மட்டும். எத்தனை நாள் இப்படி விட வேண்டும்? இறாலுக்குச் சாப்பாடு?

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை)

வெல்வெட் மட்டும் என்றால் ஆறு வாரம் போதும் என்பார்கள். உங்கள் டாங்குக்கு இக்கும் வந்தது என்பதால் 76 நாள் விடுங்கள், அந்த ஓடு சில நேரம் அவ்வளவு நாள் தாங்கும். இறாலிலும் நத்தையிலும் இரண்டுமே வளராது, மீன் கிடைக்காமல் செத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சின்னத் துண்டு நெத்திலி போடுங்கள், மிச்சம் இருந்தால் இரவே எடுத்துவிடுங்கள். டப்பில் இருக்கும் மூன்றுக்கும் காப்பர் 30 நாள் முழுதாக ஓடட்டும், நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். சின்ன கிளவுன் தனியாக இருந்தால் கொஞ்ச நாளில் அதுவே பெண்ணாக மாறும், மகளிடம் சொல்லுங்கள்.