சொந்த எதிர்காலத்துக்கு ஒரு தடவை போயிட்டு வரலாம்னா எவ்ளோ தூரம் போவீங்க?

கோவை_டெஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி. உங்க சொந்த எதிர்காலத்துக்கு ஒரே ஒரு தடவை போயி, ஒரு நாள் இருந்துட்டு, திரும்பி வந்துடலாம்னு வச்சுக்கோங்க. போவீங்களா? போனா எத்தனை வருஷம் தள்ளி? உலகம் எப்படி மாறியிருக்கும், பறக்குற கார் வருமா, அதெல்லாம் கேக்கல. நம்ம வீடு, நம்ம ஆளுங்க, நம்ம பொழப்பு, அது மட்டும்.

எனக்கு 38 வயசு. பொண்ணு மூணாவது படிக்கிறா. அம்மா எங்க கூடதான் இருக்காங்க, சுகர் இருக்கு. 5 வருஷம் தள்ளிப் போனா பெருசா என்ன தெரிஞ்சுடப் போகுது, வீட்டு லோனே முடிஞ்சிருக்காது. 40 வருஷம்னா நான் இருப்பேனான்னே தெரியல. சரி 15 வருஷம், பொண்ணு காலேஜ் முடிச்சு ஒரு வேலையில நிப்பா, அதப் பார்த்துட்டா போதும்னு முடிவு பண்ணினேன், அப்புறம் அந்த வீட்டுல அம்மாவோட கட்டில் இருக்குமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு பாருங்க, அதோட அந்த 15ஐயும் விட்டுட்டேன். ஆனா பார்க்காம இருக்கவும் மனசு வரல. நீங்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?

பிசிக்ஸ்_வாத்தியார்:

தம்பி, முன்னாடி போறது கற்பனை இல்ல, தினமும் நடக்குது, அளவுதான் ரொம்பச் சின்னது. வேகமா போற கடிகாரம் மெதுவா ஓடும். 1971ல ஹாஃபலே, கீட்டிங்னு ரெண்டு பேரு சீசியம் அணுக் கடிகாரங்கள விமானத்துல ஏத்தி உலகத்தச் சுத்தி வந்து, தரையில இருந்த கடிகாரத்தோட ஒப்பிட்டு இதக் காட்டினாங்க. சர்வதேச விண்வெளி நிலையத்துல 6 மாசம் இருந்துட்டு வர்றவரு நம்மளவிட சுமார் 0.005 நொடி இளமையா இறங்குறாரு, அதாவது அவ்வளவு தூரம் எதிர்காலத்துக்கு வந்துட்டாருன்னு அர்த்தம். ஒளியோட வேகத்துல 99.5 சதவீதத்துக்குப் போக முடிஞ்சா உங்களுக்கு 3 வருஷம், இங்க 30 வருஷம். கணக்குல ஒரு சிக்கலும் இல்ல, அந்த வேகத்துக்குப் போற வண்டிதான் இல்ல.

ஆனா முக்கியமான விஷயம், இப்படிப் போனா உங்களையே நீங்க பார்க்க மாட்டீங்க. அந்த 30 வருஷமும் உங்க வீட்டுல நீங்க இல்ல. பொண்ணு கல்யாணம் நீங்க இல்லாமதான் நடந்திருக்கும், திரும்பி வர வழியும் கிடையாது. நீங்க கேக்குறது எட்டிப் பார்க்குறது, இயற்பியல் குடுக்குறது காணாமப் போறது.

சோவியத் விண்வெளி வீரர் செர்கேய் கிரிகாலெவ் கதை நான் பசங்களுக்கு எப்பவும் சொல்லுவேன். 1991 மே மாசம் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனாரு, 1992 மார்ச்ல இறங்குறப்போ அனுப்பி வச்ச சோவியத் யூனியனே இல்ல. அவரு பொறந்த லெனின்கிராட் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிடுச்சு, இறங்கின கஜகஸ்தான் தனி நாடு. வேகத்தால நேரம் மெதுவா ஓடுற அந்த சார்பியல் விதியால அவருக்கு மிச்சமான நேரம் கண் சிமிட்டுற அளவுகூட இல்ல, ஆனா அவரு இல்லாம கீழ நடந்தது எவ்வளவு! நம்ம புராணத்துல ககுத்மி ராஜா மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேக்க பிரம்மலோகம் போயி, பாட்டு முடியிற வரைக்கும் காத்திருந்தாராம். அதுக்குள்ள இங்க 27 சதுர்யுகம் போயிடுச்சு, மனசுல வச்சிருந்த மாப்பிள்ளைங்க ஒருத்தரும் இல்ல. கடைசியில பலராமருக்குத்தான் கட்டிக் குடுத்தாரு.

வடமராட்சியான்:

வணக்கம் மாஸ்டர். நீங்கள் அந்த விண்வெளிக்காரரைப் பற்றி எழுதினதை வாசிக்க எனக்கு எங்கட கதை மாதிரித்தான் கிடந்தது. நான் 80களில வெளிக்கிட்டு கனடாவுக்கு வந்தனான், யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை 2002ல திறந்தாப் பிறகுதான் ஊருக்குப் போகக் கிடைச்சது. மனசில நான் வச்சிருந்த ஊருக்கு வயசே போகேல்ல. போய் இறங்கினா என்னோட படிச்ச பெடியன் தலை நரைச்சுப்போய் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டு நிக்கிறான். அம்மா இல்லை, செத்தவீட்டுக்கும் என்னால வரேலாமப் போட்டுது. எல்லாரும் அழுது முடிச்சு எத்தினையோ வருஷம், நான் மட்டும் அண்டைக்குத்தான் துவங்கிறன், பக்கத்தில சேர்ந்து அழவும் ஆள் இல்லை.

அதால சொல்லுறன் தம்பி, தூரம் போகாதேங்கோ. ஒரு நாள் எண்டாலும் முடிவு மட்டும்தான் தெரியும், நடுவில நடந்த ஒண்டும் தெரியாது. மகள் வேலைக்குப் போறதைப் பாப்பீங்கள், அதுக்கு முதல் அவ எத்தினை இரவு முழிச்சிருந்து படிச்சவ, ஆரோட சண்டை பிடிச்சவ எண்டது தெரியாது. அதெல்லாம் தெரியாமல் அவவோட என்ன கதைக்கிறது?

ராத்திரி_டூட்டி:

நான் நர்ஸ், நரம்பியல் வார்டுல ரொம்ப வருஷம் இருந்தேன். எட்டிப் பார்க்குற மெஷின் ஒண்ணு நெஜமாவே இருக்கு, அதப் பத்தி சொல்றேன்.

ஹன்டிங்டன்னு ஒரு நோய். அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் 30, 40 வயசுக்கு மேல ஆரம்பிக்கும், கை கால் தன்னால ஆடும், குணம் மாறும், ஞாபகம் போகும், குணப்படுத்த மருந்து இல்ல. அதுக்கான ஜீனை 1993ல கண்டுபிடிச்சாங்க. அதுல ஒரு டிஎன்ஏ எழுத்து வரிசை 40 தடவையோ அதுக்கு மேலயோ திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா, ஆயுசு இருந்தா நோய் வந்தே தீரும். ஒரு ரத்த டெஸ்ட்ல 20 வயசுலயே தெரிஞ்சிடும்.

டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி அந்தக் குடும்பத்து ஆளுங்ககிட்ட கேட்டப்போ நிறைய பேரு எடுத்துக்கறோம்னாங்க, வந்த பிறகு எடுத்தவங்க ரொம்பக் கம்மி. வெனிசுவேலாவுல மரகைபோ ஏரிப் பக்கம் இந்த நோய் நிறைய இருக்குற கிராமங்களுக்கு வருஷா வருஷம் போயி அந்த ஜீனைத் தேடினதுல முக்கியமானவங்க நான்சி வெக்ஸ்லர். அவங்க அம்மாவே இதுலதான் போனாங்க. ஆனா டெஸ்ட் வந்தப்போ அவங்க எடுத்துக்கல, தனக்கு நோய் இருக்குன்னு 2020லதான் வெளிய சொன்னாங்க. டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் வாட்சன்கூட 2007ல தன்னோட முழு மரபணுவையும் படிக்கக் குடுத்துட்டு, அல்சைமர் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனை மட்டும் எனக்கும் சொல்லாதீங்க, வெளியவும் விடாதீங்கன்னுட்டாரு. இவங்களுக்கெல்லாம் பயம்னு நான் சொல்ல மாட்டேன். எது தெரிஞ்சா வாழ முடியும், எது தெரிஞ்சா முடியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனாலதான் இந்த டெஸ்ட்டுக்கு முன்னாடி கவுன்சிலிங் உண்டு, ரத்தம் குடுத்த பிறகுகூட ரிசல்ட் வேணாம்னு போயிடலாம், நோய் அறிகுறி இல்லாத சின்னப் பிள்ளைங்களுக்கு எடுக்கவே மாட்டாங்க. அது அவங்க பெரியவங்களாகி தானா முடிவு பண்ண வேண்டியது.

என்னோட பதில் இதுதான், உங்களால கை வைக்க முடியிற தூரம் வரைக்கும் போங்க, அதுக்கு அந்தாண்ட வேணாம். அம்மாவுக்கு சுகர்னு சொன்னீங்களே, யூரின்ல மைக்ரோ அல்புமின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, கிட்னி கெட்டு உடம்புல தெரியறதுக்குப் பல வருஷம் முன்னாடியே காட்டிக் குடுத்துடும். அதோட வருஷத்துக்கு ஒரு தடவை கண் பாப்பாவ விரிக்க மருந்து விட்டு விழித்திரை செக்கப், மூணு மாசத்துக்கு ஒருக்கா ஹெச்பிஏ1சி (கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்), கால்ல உணர்ச்சி இருக்கான்னு ஒரு பரிசோதனை. இதுவும் எதிர்காலத்தப் பார்க்குறதுதான், ஆனா இதுல பார்த்ததை மாத்தலாம். கடைசியா எப்போ எடுத்தீங்க?

மாயவரத்தான்_2:

எங்க ஊரு வைத்தீஸ்வரன் கோயில் பக்கம். ஆம்பளைக்கு வலது கட்டைவிரல் ரேகை, பொம்பளைக்கு இடது, அத வச்சு ஓலைக்கட்டு தேடிப் படிப்பாங்க, அஞ்சாவது காண்டம் பிள்ளைங்க, ஏழாவது கல்யாணம், எட்டாவது ஆயுள். எங்க சித்தப்பா எட்டாவதையும் படிங்கன்னு உக்காந்துட்டாரு. ஒரு வயசு சொன்னாங்க. அந்த வயசு கிட்ட வர வர மனுஷன் புதுச் சரக்கு எடுக்கறத நிறுத்தினாரு, கடையக் கைமாத்தி விட்டாரு, மகனுக்கு அவசர அவசரமா கல்யாணம், சித்தி ராத்திரியெல்லாம் அவரு மூச்சு விடுறாரான்னு பார்த்துட்டு இருப்பாங்க. அந்த வயசு தாண்டிப் போயி இன்னைக்கும் நல்லா நடமாடுறாரு. கடை போனது போனதுதான். அதனால என்னைக் கேட்டா ஒரு வருஷம்கூட வேணாம்ணா.

சேமிப்பு_சரவணன்:

எனக்கு மாத்துக் கருத்து. ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் அவரு கூட இருந்தவங்களும் 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஆளுங்களுக்கு அவங்களோட வயசான முகத்தையே விர்ச்சுவல் ரியாலிட்டில காட்டினா ரிட்டயர்மென்ட்டுக்கு அதிகமா ஒதுக்குறேன்னு சொல்றாங்களாம். 65 வயசு நான்ங்கறது நமக்கு யாரோ மூணாவது மனுஷன் மாதிரி இருக்கு, அந்த ஆளை நேர்ல பார்த்துட்டா இப்ப செலவு பண்ற விதமே மாறிடும். நான் 30 வருஷம் தள்ளி போயி வாடகை வீட்டுலயா சொந்த வீட்டுலயா, மாத்திரை வாங்கக் காசு இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வந்துடுவேன். வேற யாரையும் பார்க்க மாட்டேன்.

வடமராட்சியான்:

சரவணன் தம்பி, அங்க போய் நிண்டுகொண்டு ஆரையும் பாக்காமல் வர ஏலாது. நீங்கள் கதவைத் தட்டத்தான் செய்வீங்கள்.

கோவை_டெஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணா எழுதினத மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. 15 வருஷம் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், பொண்ணு எப்படி வர்றாங்கறத கூடவே இருந்து பார்த்துக்கறேன்.

அக்கா, அம்மாவுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி ரத்தம் மட்டும்தான் எடுத்துட்டு இருக்கோம், நீங்க சொன்ன யூரின் டெஸ்ட்டும் விழித்திரை செக்கப்பும் இதுவரைக்கும் எடுத்ததே இல்ல, யாரும் சொன்னதும் இல்ல. சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். அந்த யூரின் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமா, காலையில முதல் யூரின்தான் வேணுமா?

ராத்திரி_டூட்டி:

வெறும் வயிறு தேவையில்ல தம்பி. காலையில முதல் யூரின்னா நல்லது. காய்ச்சலோ யூரின்ல எரிச்சலோ இருந்தா அது சரியான பிறகு எடுங்க, இல்லன்னா அளவு கூடிக் காட்டும். கண்ணுக்கு மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலா தெரியும், அம்மாவத் தனியா அனுப்பாதீங்க, நீங்க கூட இருங்க. ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கிட்ட காட்டிட்டு இங்கயும் போடுங்க.