இ.ஆர்.பி.: படைக்கு ‘நிறுவன வளத் திட்டமிடல்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விமானப்படையின் மென்பொருள் திட்டம் ஒன்றைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘நிறுவன வளத் திட்டமிடல்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ஒரு நிறுவனத்தின் கிடங்கு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் இணைக்கும் மென்பொருளுக்கு, அதாவது ‘எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங்’ (இ.ஆர்.பி.) என்பதற்கு, நாம் வைத்திருக்கும் பெயர் இது. பழகிய சொல்தான். ஆனால் ‘விமானப்படை நிறுவன வளத் திட்டமிடலில் இறங்கியது’ என்று எழுதிப் படித்துப் பாருங்கள். தளபதிகள் கூடி உட்கார்ந்து போருக்குத் திட்டம் போடுகிற காட்சிதான் மனதில் வருகிறது.

அங்கே நடந்தது வேறு. கிடங்கு, பழுதுபார்ப்பு, கொள்முதல், போக்குவரத்து என்று தனித்தனியே ஓடிய 200-க்கும் மேற்பட்ட பழைய மென்பொருள்களை எடுத்துவிட்டு, ஆரக்கிள் நிறுவனத்தின் மென்பொருளை வைத்து ஒரே அமைப்பைக் கட்ட முனைந்தார்கள். ஏறத்தாழ 100 கோடி டாலர் கரைந்தபின் 2012 நவம்பரில் கைவிட்டார்கள். பழகிய வேலைமுறையை மாற்றிக்கொள்ள உள்ளேயே இருந்த எதிர்ப்பையும் ஒரு காரணமாகச் சொல்கிறது 2014-இல் வந்த செனட் துணைக்குழு அறிக்கை. எல்லாரும் ஒரே கணக்குக்குள் வரவேண்டும் என்பதுதான் இதன் உயிர். நம் சொல்லில் அது இல்லவே இல்லை.

‘திட்டமிடல்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? இத்தனை வண்டி செய்ய எத்தனை திருகாணி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஆலைகளில் கணக்கிட 1960-களில் எழுந்த ‘பொருள் தேவைத் திட்டமிடல்’ என்ற முறையின் வழித்தோன்றல் இது. 1990-இல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் இன்றைய பெயரைச் சூட்டியபோது பழைய பெயரின் வால் அப்படியே தங்கிவிட்டது. அதை நாமும் சுமக்க வேண்டுமா?

அமெரிக்கத் தரைப்படையை எடுத்துக்கொள்வோம். அங்கே எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தின் இ.ஆர்.பி. மென்பொருள் நிலைத்துவிட்டது. ஒரு வண்டிக்கு வடிகட்டி வேண்டுமென்றால், அதன் 13 இலக்க இருப்பு எண்ணைத் தட்டிக் கோரிக்கை பதிகிறார்கள். பொருள் கணக்கும் பணக் கணக்கும் சேர்ந்தே நகர்கின்றன. இதை எந்தத் தமிழர் பார்த்தாலும் ‘திட்டமிடல்’ என்று சொல்லமாட்டார்.

முதலில் ‘ஒருங்கேடு’ என்று ஆக்கிப் பார்த்தேன்: ஒருங்கு + ஏடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொன்னதும் ‘கேடு’ முன்னால் வந்து நிற்கிறது, விட்டுவிட்டேன். ‘வளவாளுகை’ சுருக்கமானது. ஆனால் இலங்கை நண்பர்களுக்கு ‘வளவாளர்’ என்றால் பயிலரங்கில் வகுப்பெடுக்க வருபவர், குழப்பம் வரும். ‘பேரேடு’ ஏற்கெனவே கணக்கியலில் இடம்பிடித்துவிட்டது, இந்த மென்பொருளுக்குள்ளேயே அது ஒரு பகுதி.

கடைசியில் ‘ஒருங்கு வள மேலாண்மை’ என்பதில் நிற்கிறேன். ‘நிறுவனம்’ போய்விடுவதால் படை, மருத்துவமனை, நகராட்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘விமானப்படையின் ஒருங்கு வள மேலாண்மை மென்பொருள் கைவிடப்பட்டது’ என்றால் எது கைவிடப்பட்டது என்று படிப்பவருக்குத் தெரிகிறது. இ.ஆர்.பி. என்றே விட்டுவிடலாம் என்ற கருத்தையும் மதிக்கிறேன். பேச்சில் அது இருக்கட்டும். முதன்முறை படிப்பவருக்கு அந்த மூன்றெழுத்து எதையும் சொல்வதில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஓய்வு கொடுக்கவேண்டிய பழைய மென்பொருள்களை ‘லெகசி’ என்பார்கள். ‘மரபு முறைமை’ என்று பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை; மரபு என்பது நாம் போற்றிக் காப்பது. ‘முந்தை முறைமை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள், கட்டுரையை அனுப்புமுன் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.