கேட்லாக்கில் ‘இல்லை’ என்று வந்தது, நூல் இருந்தது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அட்டவணை:
அமெரிக்கப் பல்கலைக்கழக நூலக கேட்லாக். ‘சங்கம்’ என்பதை எஸ் போட்டுத் தேடினால் வந்ததெல்லாம் ஆங்கில நூல்கள். முதல் எழுத்தை சி ஆக்கி, சி-ஏ-என்-கே-ஏ-எம் என்று அடித்ததும் தமிழ் நூல்கள் வரிசை கட்டி வந்தன. அங்கே தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் பதிவது லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் எழுத்துப்பெயர்ப்பு முறையில், அது உச்சரிப்பைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். ச எங்கே வந்தாலும் சி. க எப்போதும் கே. தவுக்கும் டவுக்கும் டைகர் டி, டாக் டி கிடையாது. பவுக்கு பேப்பர் பி. ழவுக்கு இசட்-எச் போட்டால் பூஜ்யம், எல் போடுங்கள். சுதேசமித்திரன் நாளிதழ் வேண்டுமென்றால் சி, யு, டைகர் டி, இ, சி, ஏ என்று தொடங்க வேண்டும். மேலே கோடு, கீழே புள்ளி எல்லாம் அடிக்கத் தேவையில்லை, பெரும்பாலான கேட்லாக் அவற்றைக் கண்டுகொள்ளாது.

கோஹாப்பிரியன்:
இந்தக் கஷ்டம் எதற்கு? தமிழிலேயே அடிக்கலாமே. நம் ஊர்க் கல்லூரிகளில் கோஹா என்ற நூலக மென்பொருள் வந்த பிறகு யூனிகோடில் தேடினால் கிடைக்கிறது.

அட்டவணை:
கிடைக்கிறது, பதிவில் தமிழ் எழுத்து இருந்தால். பழைய பதிவுகள் பலவற்றில் ரோமன் வடிவம் மட்டும்தான். தமிழ் எழுத்து இருந்தாலும் சிக்கல்தான், ‘ஔவையார்’ தேடிப் பாருங்கள். சில பதிவுகளில் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு ‘ஒளவையார்’ என்று இருக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. ‘தொல்காப்பியம்’ என்பதிலும் ஒகரக் குறியை ஒரே குறியாக அடிப்பவர் உண்டு, கொம்பும் காலும் தனித்தனியாக அடிப்பவரும் உண்டு. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாத மென்பொருள் ஒன்றை மட்டும் காட்டும். அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ஆசிரியர் பெயரால் போவது மேல். அதிலும் இனிஷியல் பின்னால்தான்: சாமிநாதையர், உ. வே., 1855-1942.

ஆய்வேடு_தேடி:
சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். தமிழ் ஆய்வேட்டின் பிடிஎஃப் திறக்கிறது, பக்கம் பளிச்சென்று தமிழில் தெரிகிறது, உள்ளே தேடினால் ஒரு சொல்லும் அகப்படவில்லை. ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டினால் ‘jkpo;’ மாதிரி ரோமன் எழுத்துக் குப்பை... யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு செய்யும் வேலை இதுதான்.

மூன்றாம்மாடி:
பாமினி என்றால் தப்பித்தீர்கள். கன்வெர்ட்டரில் போட்டால் யூனிகோடாகிவிடும். ஸ்கேன் செய்த படம் என்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் ஓட்ட வேண்டும், றவும் ரகரமும் மாறும், மெய்ப்புப் பார்க்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். சோத்கங்காவில் ஆய்வேடு இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் கடைசிக் கோப்புகளைத் திறந்து துணைநூற்பட்டியலைப் பாருங்கள், நேரம் மிச்சம். இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஆங்கில இதழ்க் கட்டுரைக்குக் கைக்காசு கொடுக்காதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டம் நடப்பில் இருக்கிறது: 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு. வீட்டிலிருந்து படிக்க, வளாகத்துக்கு வெளியே உள்நுழைவதற்கான இன்ஃபெட் கணக்கு வேண்டும், அதை உங்கள் நூலகர்தான் திறந்துவிட வேண்டும்.

அட்டவணை:
தலைப்பு ‘நடந்ததைச் சொல்லுங்கள்’. அறிவுரை தனி இழையில்.

பழந்தாள்:
முகப்புப் பக்கத்தில் ‘ஜய வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும் நூல். கேட்லாக்கில் 1954. தப்பு. ஜய வருஷம் 1954 சித்திரையில் பிறந்து 1955 பங்குனியில் முடிகிறது, தை என்றால் 1955 ஜனவரி-பிப்ரவரி. அதுவும் இந்தச் சுற்று என்றால்தான். 60 ஆண்டு பின்னால் போனால் 1895. தாளும் அச்சும் விலையும் பார்த்துத்தான் சுற்றை முடிவுகட்ட முடியும்: விலை அணாவில் என்றால் இரண்டு சுற்றுமே சாத்தியம். இந்த நூலில் அணாதான்.