‘ஏரியல்’ என்னும் பெயரடையை விளக்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி அருகே எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, ‘ஏரியல்’ (aerial) என்னும் ஆங்கிலப் பெயரடையை வாக்கியங்களில் விளக்க உங்கள் உதவி தேவைப்படுகிறது. ஒகேனக்கல் அருவியை ட்ரோன் மேலிருந்து எடுத்த படத்தை ‘வான்வழிப் படம்’ என்றும், போர்ச் செய்தியில் வருவதை ‘வான்வழித் தாக்குதல்’ என்றும் சொன்னபோது மாணவர்கள் எளிதாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால், ஆலமர விழுதையும் ஆங்கிலத்தில் ‘ஏரியல் ரூட்’ என்றே சொல்கிறார்கள். அங்கே பறத்தல் இல்லை, மண்ணுக்கு மேலே காற்றில் இருத்தல் மட்டுமே உண்டு. விழுது என்ற அழகான சொல் நம்மிடம் இருக்க, ஒரு மாணவி ‘வான்வழி வேர்’ என்று எழுதிவிட்டாள். நான் கற்பித்தபடியே அவள் எழுதியிருந்ததால், அதைப் பிழை என்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை. காற்றில் பரவும் நோய்க்கோ ‘ஏர்போர்ன்’ என்பதே பொருந்தும். இவ்வேறுபாடுகளைச் சிறுவர் மனத்தில் பதிக்கும் எளிய வாக்கியங்கள் உங்களிடம் இருந்தால், அன்புகூர்ந்து எழுதுங்கள்.