ஓய்வுக்குப் பிறகு வீட்டில் லேத் பட்டறை: அனுபவப் பகிர்வு

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் டர்னராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன் நான். வீட்டின் பின்பக்கம் இருந்த சின்ன ஷெட்டில் நாலரை அடி பெட் (லேத்தின் நீளமான அடித்தளம்) உள்ள பழைய லேத் ஒன்றை இறக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெறப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மிஷின் வாங்கலாம்?" என்பதுதான். கம்பெனியில் நாம் லேத்தை மட்டும்தான் ஓட்டினோம். கரண்டுக்கு எலக்ட்ரீஷியன், மிஷினை உட்காரவைக்க மெயின்டனன்ஸ் ஆட்கள், டூல் தீட்ட ஒரு செக்‌ஷன் என்று சுற்றிலும் ஆள் இருந்தது. வீட்டில் அத்தனை பேர் வேலையும் நம் தலையில்தான். மிஷினைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதற்குத் தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சின்னப் பட்டறைகள் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மிஷினுக்கு மாறும்போது பழைய லேத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். என்னுடையதும் அப்படி வந்ததுதான். விற்ற பெரியவர் புதுப் பெயிண்ட் அடித்து வைக்காமல் இருந்தது இருந்தபடி காட்டினார். நான் டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் சேடிலை, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் பக்கம் நிறுத்தி, சேடிலின் தளர்வைச் சரிசெய்யும் கிப் ஸ்குரூவை லேசாகப் பிடிக்கும்வரை முறுக்கிவிட்டு, எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். போகப் போக இறுகினால், சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேலையெல்லாம் அங்கேயே நடப்பதால் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். பாதி வழியில் சேடில் அசையாமல் நின்றுவிட்டால் அந்த லேத்தை விட்டுவிடுங்கள். இதில் கடைசிவரை போனது, கடைசியில் கொஞ்சம் கனத்தது. பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மாற்றுக் கியர்கள், நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி, நாலு ஜா (தாடை) சக் எல்லாவற்றையும் எடுத்து வந்து வைத்தார். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருந்தனுங்க. நீங்க ஓட்டுவீங்க, கொண்டு போங்க" என்றார். அவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்கியிருந்தால் நல்ல செலவு ஆகியிருக்கும்.

அப்புறம் கரண்ட். மோட்டார் 2 எச்.பி., மூன்று ஃபேஸ். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ். அதனால் வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி, மோட்டார் வேகத்தையும் மாற்றும் பெட்டி) போட்டேன். உள்ளே சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட், வெளியே மூன்று ஃபேஸ் 230 வோல்ட். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் இந்த அளவு மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருக்கும் (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் வைண்டிங்கை இணைக்கும் இரண்டு முறைகள்). 230-ல் முழு சக்தியும் வேண்டுமானால் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் அவற்றை இணைக்கும் பட்டைகளை மாற்றிப் போட்டால் போதும். மூன்றே முனை வந்திருந்தால், வைண்டிங்குக்குள் இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே கொண்டுவர வேண்டும். அதை வைண்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய ஸ்டார்ட்டரை விட்டுவைக்காதீர்கள். எர்த் கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை லெவல் பார்த்தது. எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்த பழைய நண்பர், குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மி.மீ. சரிவு என்று காட்டும் லெவலோடு வந்தார். தரையில் டைல்ஸ் இருந்த இடத்தை முதலில் உடைத்து எடுக்கச் சொன்னார். கான்கிரீட் போட்டு நன்றாக ஆறவிட்ட பிறகுதான் லேத்தைத் தூக்கி வைக்க விட்டார். லேத் தரைக்கு மட்டமாக இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை, பெட் முறுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது, அவ்வளவுதான் என்பார். கப்பலில்கூட லேத் ஓடுகிறதே!

லெவல் காட்டியதோடு அவர் விடவில்லை. சக்கில் 30 மி.மீ. கம்பியைப் பிடித்து ஒரு சாண் வெளியே நீட்டி, நடுப்பகுதியைக் குறைத்து, இரண்டு முனையிலும் வளையம் மாதிரி விட்டோம். டெயில்ஸ்டாக் தாங்கல் கிடையாது. நன்றாகத் தீட்டிய டூலில், ஆழத்தை வைக்கும் டயலைத் தொடாமல், இரண்டு வளையத்திலும் மிக லேசாக ஒரு கட். கொஞ்சம் ஆழமாக வைத்தாலே கம்பி வளைந்து கணக்கைக் கெடுத்துவிடும். மைக்ரோமீட்டரில் பார்த்தால் வெளி முனை பெரிதாக இருந்தது. அப்படியென்றால் டூல் அங்கே சென்டரை விட்டு நம் பக்கம் விலகுகிறது. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலுக்கு அடியில் ஒரு ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்தார். மறுபடி கட், மறுபடி அளவு. இரண்டு வளையமும் ஒரே அளவுக்கு வரும்போது இருட்டிவிட்டது. டீ ஆறிப்போனதை இருவரும் கவனிக்கவில்லை. அவ்வளவு வருஷம் லேத்தில் நின்றவன், இந்த வேலையைக் கையால் செய்தது அன்றைக்குத்தான்.

டூல் பற்றிச் சுருக்கமாக: வீட்டுக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் போதும். சின்ன பெஞ்ச் கிரைண்டரும் எண்ணெய்க் கல்லும் இருந்தால் வேண்டிய வடிவத்துக்குத் தீட்டிக்கொள்ளலாம்.

பாதுகாப்பு பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். வீடுதானே என்று வேட்டி, லுங்கியோடு லேத் முன்னால் நிற்காதீர்கள். தோளில் துண்டு கூடாது. கையில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், கையுறை எதுவும் கூடாது. கம்பெனியில் அதட்ட ஃபோர்மேன் இருந்தார், இங்கே யாரும் இல்லை. சக் சாவியை விட்டுக் கை எடுக்கும்போது சாவி சக்கில் இருக்கக்கூடாது. வெட்டும்போது வரும் இரும்புச் சுருளைக் கொக்கியால் இழுங்கள்.

மற்றவர்களும் எழுதுங்கள்.

மறுமொழி: சென்னை, கடலோரம்

ஐயா, எங்களுக்கு முதல் எதிரி துரு. நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், மேசை மேல் வைக்கும் சின்ன லேத்தான் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக மூடினால் உள்ளேயே வேர்க்கும். இப்போது பழைய பருத்தித் துணிதான் போர்த்துகிறேன். வேலை முடிந்ததும் துடைத்து, பெட்டுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே (சறுக்குத் தளம்) எண்ணெய் தடவிவிடுவேன். கை வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையே துருவாக எழும்பும். அதனால் மைக்ரோமீட்டரை எண்ணெய்த் துணியால் துடைக்காமல் பெட்டிக்குள் வைப்பதில்லை.

மேல் வீட்டு அம்மா ஒரு நாள் வந்து, "தரையெல்லாம் ரீங்காரம் போடுது சார்" என்றார். அவர் சொன்னது சரி. மேசைக் கால்களின் இரும்புக் குழாய்க்குள் மணல் நிரப்பி, அடியில் கனமான ரப்பர் வைத்தேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஓட்டுவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பேச்சு வரவில்லை.

மறுமொழி: மதுரை, பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவள்

அண்ணா, உங்கள் லீட் ஸ்குரூ (மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலக் கணக்கா என்று பார்த்தீர்களா? பழைய லேத்தில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 4 மரை இருக்கும். அதில் மில்லிமீட்டர் மரை சரியாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை ஐந்தால் பெருக்கினால் 127. உதாரணத்துக்கு 1.5 மி.மீ. மரைக்கு ஓட்டும் கியர் 30 பல், லீட் ஸ்குரூவில் ஓடும் கியர் 127 பல். இப்படி வெட்டும்போது சேடிலை லீட் ஸ்குரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்காமல், டூலை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் திரும்பி வரவேண்டும். உங்கள் சக் மரை போட்டு மாட்டும் வகையென்றால் சட்டென்று ரிவர்ஸ் போடாதீர்கள். சக் கழன்று வந்துவிடும்.

மீண்டும் கோவை

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா. பெரியவர் கொடுத்த கியர்களில் 127 இருக்கிறது. லீட் ஸ்குரூ நீங்கள் சொன்ன 4 மரைதான், சக்கும் மரை போட்டதுதான். வி.எஃப்.டி.யில் மோட்டார் நிற்கும் நேரத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். முழுக்க நின்ற பிறகு, வேகத்தைக் குறைக்கும் பேக் கியர் போட்டு, குறைந்த வேகத்தில் மட்டும்தான் ரிவர்ஸ். பக்கத்து வீட்டு கிரைண்டருக்குப் பித்தளை புஷ் (தண்டு சுழல்வதற்கான வளையம்) ஒன்று போட வேண்டியிருக்கிறது, அது முடிந்ததும் 1.5 மரையை வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.