மல்டிகாஸ்ட் வலையமைப்பில் மீட்பு சர்வர்களை எங்கே வைப்பது?

வினா:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆறு கிளைகளில் உள்ள 1,200 கணினிகளுக்கு மென்பொருள் கோப்புகளை இரவு நேரத்தில் மல்டிகாஸ்ட் முறையில் (ஒரே அனுப்பல் ஒரே நேரத்தில் பலரையும் சேரும் முறை) அனுப்புகிறோம். பாக்கெட் (கோப்பின் சிறு துண்டு) விடுபட்ட கணினி, அதைத் திரும்பக் கேட்டு, கோப்பை அனுப்பும் மூல சர்வருக்கே நாக் (NACK, ‘வந்து சேரவில்லை’) செய்தி அனுப்புகிறது. சில இரவுகளில் இச்செய்திகள் வெள்ளமாக வந்து குவிவதால் அனுப்பும் வேகமே படுத்துவிடுகிறது. விடுபட்டவற்றைச் சேமித்து வைத்து மறுபடி தரும் மீட்பு சர்வர்களாக மூன்று இயந்திரங்களை ஒதுக்க முடியும். கணினிகள் மிகுதியாக உள்ள மூன்று கிளைகளில் அவற்றை வைப்பது சரியா?

மறுமொழி 1:
கணினிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; பாக்கெட் எந்த இணைப்பில் தொலைகிறது என்பதே முதலில் தெரிய வேண்டும். 200 கணினிகள் உள்ள ஒரு கிளைக்குச் செல்லும் இணைப்பில் 5 விழுக்காடு இழப்பு இருப்பதாகக் கொள்வோம். 1,000 பாக்கெட்டுகளில் 50 தொலையும். அந்த 50ஐயும் 200 கணினிகளும் தனித்தனியே கேட்டால் மூல சர்வருக்கு 10,000 நாக் செய்திகள் வந்து சேரும். அந்த இணைப்பைத் தாண்டியவுடன், கிளையின் நுழைவாயிலில் மீட்பு சர்வரை வைத்தால், அது ஒன்று மட்டும் 50 முறை மேலே கேட்டு வாங்கி, கிளைக்குள் பகிர்ந்துவிடும். அதே சர்வரை இணைப்புக்கு முன்னால் வைத்தாலோ, மூல சர்வரின் சுமை குறையுமே தவிர, 10,000 செய்திகளும் மறு அனுப்பல்களும் அதே பழுதான இணைப்பைத்தான் கடந்தாக வேண்டும். என் அனுபவத்தில் பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். 1995இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்வைத்த எல்பிஆர்எம் (LBRM) என்ற மல்டிகாஸ்ட் மீட்பு முறையிலும், பாக்கெட்டுகளைச் சேமித்து வைக்க மூலத்துக்கு அருகில் ஒரு முதன்மைப் பதிவு சர்வரும் ஒவ்வொரு தளத்திலும் ஒரு துணைப் பதிவு சர்வரும் இருக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இழப்பு பொது இணைப்பில் நிகழாமல் ஒவ்வொரு கணினியின் அருகிலும் தனித்தனியாக நிகழ்ந்தால் கணக்கு மாறும். ஒவ்வொரு கணினிக்கும் 1 விழுக்காடு இழப்பு இருந்தால், 200 கணினிகளில் ஒன்றுக்காவது ஒரு பாக்கெட் விடுபடும் வாய்ப்பு ஏறத்தாழ 87 விழுக்காடு. அப்போது பெரும்பாலான பாக்கெட்டுகளை மறுபடி அனுப்ப நேரிடும். இதற்கு, ஒரு தொகுதிப் பாக்கெட்டுகளிலிருந்து கணக்கிட்டு உருவாக்கும் கூடுதல் பாக்கெட்டுகளான சமனிப் (parity) பாக்கெட்டுகளே உகந்தவை: ஒரு தொகுதியில் ஒருவருக்கு மூன்றாவதும் மற்றொருவருக்கு ஏழாவதும் விடுபட்டிருந்தாலும், ஒரே சமனிப் பாக்கெட் இரண்டையும் ஈடுசெய்துவிடும். உங்கள் கிளைகளில் இது எந்த வகை இழப்பு என்பதை அறிய, ஒரே பாக்கெட் எண்ணை எத்தனை கணினிகள் கேட்கின்றன என்று நாக் பதிவேட்டில் பாருங்கள்.

மறுமொழி 3:
பொதுவான வலையமைப்பில் சர்வர்களுக்கு இடம் தேர்வது கே-மீடியன் கணக்கை (மொத்தத் தொலைவு மிகக் குறையும்படி ‘கே’ எண்ணிக்கையிலான இடங்களைத் தேர்ந்தெடுப்பது) ஒத்தது. மிகச் சிறந்த இடங்களை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை. மல்டிகாஸ்ட் பாதை மர வடிவில் இருப்பது நமக்கு நல்வாய்ப்பு, ஏனெனில் மரத்தில் இதைத் துல்லியமாகவே தீர்த்துவிடலாம். ஆறு கிளைகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகளே உள்ளன. அத்தனையையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள். ரூட்டிங் (பாக்கெட் செல்லும் வழி) மாறினால் மரமும் மாறிவிடும் என்பதை மட்டும் மறவாதீர்கள். ஆர்எம்டிபி (RMTP) என்ற மல்டிகாஸ்ட் நெறிமுறையில், பெறுநர்களுக்குள்ளேயே மீட்புக்கென நியமிக்கப்பட்ட சிலர் தம் இருப்பை அவ்வப்போது அறிவிக்க, ஒவ்வொரு பெறுநரும் தனக்கு அருகிலுள்ளவரைத் தேர்ந்துகொள்வார். ஒரு மீட்பு சர்வர் படுத்துவிட்டாலும் அடுத்ததற்கு மாறிக்கொள்ள இது உதவும். நினைவகத்தையும் பாருங்கள்: வினாடிக்கு 80 மெகாபிட் வேகத்தில் வருவதை ஒரு நிமிடம் வைத்திருக்க 600 மெகாபைட் தேவை.

வினா எழுப்பியவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவின் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கிளைகளில் ஒரே பாக்கெட் எண்ணை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் கேட்டிருக்கின்றன. அவ்விரண்டின் நுழைவாயிலிலும் சர்வர் வைக்கிறேன். மற்ற நான்கில் இழப்பு சிதறலாக இருப்பதால் அங்கே சமனிப் பாக்கெட்டுகளை முயன்று பார்த்த பிறகே மூன்றாவது இயந்திரத்துக்கு இடம் முடிவு செய்வேன்.