முகாமில் தந்த ஆவாரைக் குடிநீரைச் சர்க்கரை மாத்திரையுடன் சேர்த்து எடுக்கலாமா?

கேள்வி: தென்காசி மகள்

என் அம்மாவுக்கு 62 வயது. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மெட்ஃபார்மின், கிளிப்பிசைடு ஆகிய சர்க்கரை மாத்திரைகளையும் அட்டெனலால் என்ற இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் தவறாமல் எடுத்து வந்தார். மூன்று மாதங்களாக எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் சித்த மருத்துவ முகாம் நடக்கிறது. அங்கிருந்த மருத்துவர் நாடி பார்த்து, உணவையும் தூக்கத்தையும் விசாரித்து, ஆவாரைக் குடிநீர்ச் சூரணம் (கஷாயமாகக் காய்ச்சிக் குடிக்கும் பொடி) கொடுத்தார். இதுவரை அம்மாவிடம் யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது அம்மா, மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில் 1: ஓய்வுபெற்ற சித்த மருத்துவர்

மாத்திரையை நிறுத்த வேண்டாம், அம்மா. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை ஆகியவை சேர்ந்த இக்குடிநீர் மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, நெடுங்காலமாக வழங்கப்படுவதுதான்; நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கிளிப்பிசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. அதனுடன் சர்க்கரையைக் குறைக்கும் வேறொன்றும் சேரும்போது அளவு மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். உங்கள் அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அப்படித் தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் அட்டெனலால் மறைத்துவிடக்கூடும்; வியர்வை மறையாது. ஆகவே திடீரென்று வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்; பார்க்க வசதி இல்லையென்றால் காத்திராமல் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா என்பதை, குடிநீர் எடுப்பது தெரிந்த மருத்துவர், பரிசோதனை முடிவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

பின்னர் உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பமோ செந்தூரமோ தந்தால், உரிம எண் உள்ள மருந்துதானா என்று பார்த்து, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

பதில் 2: மதுரை வாசகர்

என் தந்தை ஒரு தனியார் முகாமில் "சர்க்கரை முற்றிலும் குணமாகும்" என்ற பேச்சை நம்பி, யாரிடமும் சொல்லாமல் ஆறு மாதம் மாத்திரையை நிறுத்தினார். கால் புண் ஆறாமல் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு விரல்களை இழந்தார். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது என்பதை அன்று அறிந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே எழுந்து வந்திருப்போம்.

பதில் 3: கிராம சுகாதாரச் செவிலியர்

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது முதல் வீடு வீடாகச் சென்று வருகிறேன். மாத்திரை நிறுத்தியதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்தே பலரும் மறைக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். முகாமின் நடைப்பயிற்சி அறிவுரையும் உணவு முறையும் நல்லவை, தொடரட்டும். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே ஒருமுறை எடுத்துவிட்டால், மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தென்காசி மகள்

மூவருக்கும் நன்றி. அம்மா மாத்திரையைத் தொடரச் சம்மதித்துவிட்டார். குடிநீரை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை சூரணப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம்.